நட்டதனாலேயே காடாகிவிடாது!

ஒரு காட்டை வெட்டி வெளியாக்கச் சில நாள்கள் போதும். வெட்டிய வெளியை மீண்டும் காடாக்க இருபது முப்பது ஆண்டுகள் வேண்டும். அழிவுக்கும் ஆக்கத்துக்கும் இடையிலுள்ள இக் கால வேறுபாட்டை உணராதவரே ஆட்சியிலும் அலுவலகங்களிலும் மிகுந்துள்ளனர். அமைச்சர் வருகிறார், முன்பே தோண்டி வைத்த குழியில் ஒரு கன்றை வைக்கிறார், பூவாளியால் நீர் வார்க்கிறார், ஒளிப்படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் செய்தித்தாளில் ஆயிரம் கன்றுகள் நடப்பட்டதாகச் செய்தி வருகிறது. அடுத்த கோடையில் அவ்வாயிரத்துள் எத்தனை உயிரோடிருந்தன என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. அதே குழியில் அடுத்த ஆண்டு அடுத்த அமைச்சர் வேறொரு கன்றை வைப்பார். இதற்கு மரம் வளர்ப்பு என்று பெயரிடுதல் தகாது. இது விழா வளர்ப்பு.

எனினும், தலைநகராகிய சென்னையிலேயே, குப்பைமேடாகவும் கட்டட இடிபாடு கொட்டும் களமாகவும் கிடந்த நிலங்கள் இளங்காடுகளாகத் தழைத்த வரலாறும் உண்டு. அவ்வரலாற்றைத் தமிழ்ப்பற்றாளர் அனைவரும் அறிதல் வேண்டும். ஏனெனில், நிலத்தை மீட்கும் வினையும் மொழியை மீட்கும் வினையும் ஒரே தன்மையன. இரண்டிலும் அழித்தவர்க்கு வேலை எளிது; மீட்பவர்க்கோ பொறுமையே கருவி.

சென்னை இழந்தது எத்துணை என்பதை அதன் ஊர்ப்பெயர்களே சொல்லும். புரசைவாக்கம் புரசமரத்தின் பெயர் தாங்கியது. ஆலந்தூரில் ஆல் நிற்கிறது, பெயரளவில். நகருக்கு மேற்கே வேற்காடும் ஆலங்காடும் காடென்றே பெயர் பெற்றன. மயிலைக் கோயிலின் மரம் புன்னை. திருவான்மியூர்க் கோயிலின் மரம் வன்னி. ஒவ்வொரு கோயிலும் ஒரு மரத்தைத் தனக்குரியதாகக் கொண்டு காத்தது. அதற்கும் முன்னே, கழகக் காலத்து மன்னர் ஒவ்வொருவரும் காவல் மரம் கொண்டிருந்தனர். பகைவன் அம் மரத்தை வெட்டுதல், நாட்டையே வென்றதற்கு ஒப்பாகக் கருதப்பட்டது. அரணுக்கு உறுப்பு உரைத்த வள்ளுவரும், நீரோடும் நிலத்தோடும் மலையோடும் நிழல்தரும் காட்டையும் சேர்த்தே உரைத்தார். காடு காவலன் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்வந்த காலம் அதனை மறந்தது. இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெரியும் தியாகராயர் நகர், 1920களில் மாம்பலத்தை ஒட்டிக் கிடந்த நெடிய ஏரியை வற்றச்செய்து எழுப்பப்பட்ட குடியிருப்பாகும். ஏரி போயிற்று, மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்னும் பெயர் மட்டும் எஞ்சிற்று. கிண்டியில் 1910இல் ஏறத்தாழ 500 எக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பின்னர்க் கல்வி நிறுவனத்துக்கும் நினைவகங்களுக்கும் பிறவற்றுக்கும் பகுதி பகுதியாக ஈயப்பட்டு, 1978இல் நாட்டுப் பூங்கா என அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது ஏறத்தாழ 270 எக்டேரே. கல்வி வேண்டாமா, நினைவகம் வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். ஆனால், ஒவ்வொரு முறையும் காடுதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எந்த நாட்டு முறை?

இனி, மீட்சியின் வரலாற்றைக் காண்போர், அடையாற்றின் கழிமுகத்துக்கு வருதல் வேண்டும். மயிலைக்குத் தெற்கே, இராசா அண்ணாமலைபுரத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, கடலேற்றத்தின்போது நீர் புகும் ஓர் ஓடை உண்டு. பறவைகள் வந்து தங்கிய அவ்வோடையில் பல்லாண்டுகளாகக் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டப்பட்டன, சாய்கடை நீர் கலந்தது, சீமைக்கருவேல் மண்டியது. அதனை மீட்டெடுக்க 2006இல் அரசு ஓர் அறக்கட்டளையை அமைத்தது. அதுவே பின்னர்ச் சென்னை ஆறுகளின் சீரமைப்புக்கான அறக்கட்டளையாக விரிந்தது. முதற்கட்டமாக 58 ஏக்கர் நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது. இடிபாடுகள் அகற்றப்பட்டன, தூர்ந்த நீர்நிலைகள் மீண்டும் அகழப்பட்டன, கடல்நீரும் மழைநீரும் வந்துபோக வழி செய்யப்பட்டது. அதன்பின்னரே கன்று நடப்பட்டது. நடப்பட்டவையும் அழகுச் செடிகள் அல்ல. இக் கடற்கரைக்கே உரிய நூற்றுக்கு மேற்பட்ட வகை மரங்களும் புதர்களும் கொடிகளும் ஆகும். 2011 சனவரி 22இல் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார். அதற்குத் தொல்காப்பியப் பூங்கா எனப் பெயர் சூட்டப்பட்டது.

இது அரசின் செயல். மக்கள் தாமே செய்ததும் ஒன்றுண்டு. அதே அடையாற்றின் கரையில், கோட்டூர்புரத்தில், பொதுப்பணித்துறைக்குரிய சில ஏக்கர் நிலம் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. ‘நிழல்’ என்னும் தமிழ்ப்பெயர் பூண்ட ஓர் அமைப்பின் தன்னார்வலர்கள் 2006 முதல் அதனைத் தூய்மை செய்து, இம்மண்ணுக்குரிய மரங்களை நட்டு, ஆண்டுதோறும் பேணி வந்தனர். மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள் குழி தோண்டின, களை பறித்தன, உதிர்ந்த இலையை எரிக்காமல் வேரடியில் பரப்பின. பத்தாண்டுக்குள் அங்கே நிழல் விழுந்தது, வண்ணத்துப்பூச்சிகள் வந்தன, பறவைகள் கூடு கட்டின. நகரத்தான் இவ்வாறு செய்யமாட்டான் என்று சொல்வோர்க்கு அவ்விடமே விடை.

இவ்விரண்டுக்கும் முன்னோடியாக நின்றது புதுவைக்கு வடக்கே உள்ள செம்மண் மேட்டுநிலம். அங்கே 1968 பிப்பிரவரி 28இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, நிலம் ஏறத்தாழ மொட்டையாகக் கிடந்தது. தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டப்பட்டதால் மழைநீர் மேல்மண்ணை அரித்துக் கடலுக்குக் கொண்டு சென்றது. நிலமெங்கும் ஓடைப்பள்ளங்கள் வாய்பிளந்திருந்தன. வந்தவர்கள் முதலில் மரத்தை நடவில்லை; நீரை நிறுத்தினர். சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, பெய்த மழை பெய்த இடத்திலேயே ஊறுமாறு செய்தனர். ஆடுமாடு நுழையாவண்ணம் வேலியிட்டனர். பின்னர் விரைந்து வளரும் மரங்களை நிழலுக்காக வளர்த்து, அந் நிழலில் இம்மண்ணின் மரங்களை நட்டனர். சுற்றியுள்ள சிற்றூர்களின் தமிழ் உழைப்பாளர் கைகள் இல்லாமல் அக் காடு எழுந்திராது என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். அங்கே பிச்சாண்டிக்குளம் காட்டில் பட்டறிவு பெற்றவர்களே அடையாற்றுப் பூங்காவின் நடவையும் வகுத்தனர்.

இங்கே எழும் வினா ஒன்றுண்டு. மொட்டையாகிவிட்ட நிலத்தில் முன்பு என்ன காடு இருந்தது என்பதை அவர்கள் எவ்வாறு அறிந்தனர்? வித்து எங்கிருந்து கிடைத்தது? விடை தமிழர்க்குப் பெருமை தருவது. அவை கிடைத்த இடங்களுள் தலையாயவை கோயிற்காடுகள். ஐயனார்க்கும் ஊர்த்தாய்க்கும் உரியவை எனப் பட்டிக்காட்டு மக்கள் கோடரி படாது காத்த சிறு சிறு தோப்புகளில், சோழமண்டலக் கரையின் பழங்காடு உயிரோடிருந்தது. ஆரோவில்லுக்கு அண்மையிலுள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு அவற்றுள் பெயர்பெற்றது. நிலைத்திணை நூலார் இவ்வகைக் காட்டை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். வானளாவ வளராது, ஆனால் தடித்த, பளபளக்கும் கரும்பச்சை இலைகளோடு ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையை வேரடியில் தேக்கி, எட்டுத் திங்கள் வெயிலைத் தாங்கும். பல்கலைக்கழகமும் அரசும் காக்கத் தவறியதை எழுத்தறியாத ஊரார் ஓர் ஐயனாரை நிறுத்திக் காத்தனர். மூடநம்பிக்கை என்று அதனைத் தள்ளிவிடுவோர், அந்நம்பிக்கை காத்த வித்துகளை எண்ணிப் பார்த்தல் நன்று.

வெற்றுநிலம் காடாகும் முறையை ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் தகும். முதலாவது நீர், பெய்வது ஓடாமல் நிற்க வேண்டும். இரண்டாவது மண், இலைக்குப்பையும் சாணமும் சேர்ந்து, மண்புழுவும் கரையானும் வேலை செய்து, செத்த மண் உயிர் பெற வேண்டும். மூன்றாவது காவல், ஆட்டின் வாயிலிருந்தும் அடுப்புக்கு விறகு தேடும் கையிலிருந்தும் தீயிலிருந்தும் கன்று காக்கப்பட வேண்டும். முதல் மூன்று கோடைகள் கன்றுக்குக் கண்டம். அக் காலத்தில் நீர் வார்ப்பவரே காட்டின் உண்மையான தாய். நான்காவது அடுக்கு, மரம் மட்டும் காடாகாது. உயர்மரத்தின் கீழ்ச் சிறுமரமும், அதன் கீழ்ப் புதரும், புதர்மேல் கொடியும், நிலத்தில் பூண்டும் கிழங்கும் இருத்தல் வேண்டும். ஐந்தாவது விருந்தினர், வேலிக்குள் மரங்கள் பழுத்தால் கொண்டைக்குருவியும் குயிலும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் தாமே வரும். வேறிடத்தில் தின்ற பழத்தின் வித்தை இங்கே எச்சத்தோடு விட்டுச் செல்லும். மாந்தன் நடாத கன்று ஒன்று மரநிழலில் தானே முளைக்கும் நாளே, அந்நிலம் தோப்பு நிலையினின்று காட்டுநிலைக்கு ஏறும் நாள். அதுவரை அது மாந்தனின் நடவு. அதன்பின் இயற்கையின் ஆட்சி.

இப்போது மொழிக்கு வருவோர்க்கு ஒப்புமை தானே விளங்கும். சீமைக்கருவேல் நட்டவர் தீங்கு நினைத்து நட்டாரல்லர். விறகு கிடைக்கும், விரைவில் வளரும் என்று எண்ணியே நட்டனர். அது வளர்ந்தது, உடன்வளர வேண்டியவற்றை வளரவிடாமல் செய்தது. வேற்றுமொழிச் சொற்களைத் தமிழில் பெய்தவரும் எளிமை என்றே சொன்னார்கள். ஒரு வேற்றுச்சொல் புகும்போது ஒரு தமிழ்ச்சொல் ஒதுங்குகிறது. ஒதுங்கியது நிழலில்லாத செடிபோல் வாடுகிறது. வாடியபின், ‘இத்தகைய சொல்லே தமிழில் இல்லை’ என்பவன் வருகிறான். மண்ணை மொட்டையாக்கிவிட்டு, இங்கே எதுவும் விளையாது என்பவனும் அவனும் ஒருவனே.

இதற்கு மறுப்பும் ஒன்று சொல்வர். தமிழர் அன்றாடம் கரைக்கும் புளியே ஆப்பிரிக்காவினின்று வந்ததென்பர். அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டம் 1882இல் ஏறத்தாழ 27 ஏக்கரில் தொடங்கிப் பன்னாட்டு மரங்களை நட்டே பெருந்தோப்பாயிற்று என்பர். ஆகவே அயல், உள்ளூர் என்று பிரிப்பது பொருளற்றது என்பர். மறுப்பு எண்ணத்தக்கதே. வந்த மரம் அனைத்தும் பகையன்று. புளி வந்தது, எதனையும் அழிக்காமல், ஊரோடு ஒன்றி, சாலைக்கு நிழலும் குழம்புக்குச் சுவையும் தந்தது. சீமைக்கருவேலோ வந்த இடத்தில் தன்னைத் தவிரப் பிறிதொன்றை நிற்கவிடவில்லை. ஆகவே வினா, எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அன்று; வந்து என்ன செய்கிறது என்பதும் ஆகும். தனித்தமிழ் கேட்பதும் இவ்வினாவையே. தமிழில் சொல்லில்லாத ஒரு பொருளோடு வரும் பெயர்க்குப் புதுச்சொல் ஆக்கிக்கொள்ளலாம். சொல்லிருக்கும் இடத்தில் வந்து அதனைக் கொல்லும் சொல்லையே அகற்றச் சொல்கிறது அது.

தொல்காப்பியர் பெயரை அப்பூங்காவுக்கு இட்டது பொருத்தமே. மரபியலில் அவர் புல்லையும் மரத்தையும் வேறுபடுத்தினார். வயிரம் புறத்தே உடையது புல். அகத்தே உடையது மரம் என்றார். அதனால் தென்னையும் பனையும் அவர் கணக்கில் புல்லினத்தைச் சேர்ந்தன. இக்கால நிலைத்திணை நூலாரும் அவற்றைப் பிற மரங்களினின்று வேறாகவே வகுக்கின்றனர். அவ்வளவோடு நில்லாமல், ஓலை, மடல், பாளை எனப் புல்லினத்தின் உறுப்புக்குரிய பெயர்கள் இவை, தளிர், முறி, கோடு என மரத்தின் உறுப்புக்குரிய பெயர்கள் இவை என்றும் வரையறுத்தார். இலக்கணம் எழுத அமர்ந்தவர் காட்டுக்குள் நின்று கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். தமிழன் நிலத்தையே பூவாலும் மரத்தாலும் பெயரிட்டு அழைத்தவன். முல்லையும் குறிஞ்சியும் மருதமும் நெய்தலும் பாலையும் அவனுக்கு நிலங்கள். மலரும் மரமும் ஆகும் முன்னரே வாழ்வுமாயின.

ஆயின், இன்றைய நிலை என்ன? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களின் பெயரையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவன் பரிசு பெறுகிறான். அவற்றுள் பத்துப் பூவை மரத்தில் காட்டச் சொன்னால் அவன் திகைக்கிறான். அவனுக்குக் கற்பித்த ஆசிரியரும் திகைக்கிறார். அவற்றுள் சிலவற்றை இன்ன செடியென்று துணிவதில் அறிஞரிடையிலும் கருத்து வேறுபாடு உண்டு. இது தமிழ்ப்பற்றாளர் நாணுதற்குரியது. ஒரு சொல் அகரமுதலியில் இருப்பதனால் மட்டும் உயிரோடிருப்பதாகாது. அச் சொல்லுக்குரிய பொருளை விரல்நீட்டிக் காட்ட ஒருவனாவது இருக்கும்வரைதான் அதற்கு உயிர். காயா எது என்று தெரியாதவன் வாயில் காயா வெறும் ஒலி. அதனால், தில்லையும் கண்டலும் அடம்பும் மீண்டும் கழிமுகத்தில் தழைக்கும்போது, நெய்தல் பாட்டின் சொற்களும் உடன் தழைக்கின்றன. வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை, மாவிலங்கம், மகிழ், நுணா, களா, காரை, சூரை என்று ஒரு மாணவி ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லும் நாளில், பத்து நூல்கள் அச்சிட்டு ஆகாத பணி ஆகிவிடுகிறது.

இக் காடுகள் இடர்ப்படாமல் வளரவுமில்லை. 2015 திசம்பரில் அடையாறு கரைபுரண்டது. அடுத்த ஆண்டு, 2016 திசம்பர் 12இல், வர்தா புயல் சென்னையில் பல்லாயிரம் மரங்களை ஒரே நாளில் சாய்த்தது. சாலையோரத்துக்கு அழகென்று நடப்பட்ட அயல்மரங்கள், வேரோடத் தரையின்றிக் கற்காரைக்கு நடுவே நின்றவை, கொத்துக்கொத்தாக வீழ்ந்தன. ஆற்றங்கரை இளங்காடுகளும் அடிபட்டன. ஆயினும் அடுக்கடுக்காக நின்ற காட்டில் ஒன்று வீழ்ந்த இடத்தை மற்றொன்று நிரப்பியது. முறிந்த அடியினின்று தளிர் எழுந்தது. தனிமரம் வீழ்ந்தால் வெற்றிடம். காட்டில் மரம் வீழ்ந்தால் கன்றுக்கு வெயில். பேணுவோர் இருந்தமையால் அழிவும் உரமாயிற்று. பேணுவோர் இல்லாதிருந்தால் அவ்விடம் மீண்டும் குப்பைமேடாகி இருக்கும்.

இவற்றையெல்லாம் இப்போது எடுத்துரைக்கக் கரணியம் உண்டு. கிண்டியில், நாட்டுப் பூங்காவுக்கு அண்மையில், 99 ஆண்டுக் குத்தகையில் குதிரைப் பந்தயத்துக்கு விடப்பட்டிருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை நீக்கி, 2024 செப்தம்பரில் அரசு கைக்கொண்டது. அதில் 118 ஏக்கரைப் பசுமைப் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்குவதாகவும் அதே ஆண்டில் அறிவித்தது. வழக்கும் எழுந்தது. வழக்கு எவ்வாறு முடியினும், அத்தகைய ஒரு வெளி தென்சென்னைக்கு மீண்டும் வாய்ப்பது அரிது. அங்கே எழப்போவது எது? வெட்டிச் செதுக்கிய புல்தரையும், வண்ண நீரூற்றும், கண்ணாடி வீடும், தின்பண்டக் கடையும் கொண்ட ஒரு பொழுதுபோக்கு வெளியா? அன்றி, மழைநீரைத் தேக்கி வேளச்சேரியின் வெள்ளத்தைத் தணித்து, கிண்டிக் காட்டின் மான்களுக்கும் பறவைகளுக்கும் அண்டைவீடாக நிற்கும் ஒரு தமிழ்நிலக் காடா?

அரசு செய்ய வேண்டுவன இவை. குளமும் வாய்க்காலும் முதலில். நடவு அதன் பின்னரே. வித்துகள் கோயிற்காடுகளிலிருந்தும் கிண்டிக் காட்டிலிருந்தும் திரட்டப்பட்டு, அண்மையிலேயே நாற்றங்காலில் வளர்க்கப்பட வேண்டும். வெளிநாட்டுப் பனையை இறக்கி வரிசையாக நிறுத்துதல் கூடாது. திறப்புவிழாவுக்கு ஒதுக்கும் பொருளைவிடப் பராமரிப்புக்கு ஒதுக்கும் பொருள் மிகுதியாக இருத்தல் வேண்டும். அதுவும் பத்தாண்டுக்குக் குறையாமல், ஆட்சி மாறினும் மாறாத உறுதியோடு. நீர் வார்க்கும் தொழிலாளிக்கு நிலையான வேலையும் நேரிய கூலியும் வேண்டும். நாள்கூலிக்கு வந்து போகிறவன் கையில் காடு வளராது. ஒவ்வொரு மரத்திலும் அதன் தமிழ்ப்பெயர் முதலாவதாகவும் பெரிதாகவும் பொறிக்கப்பட வேண்டும். இலத்தீனப் பெயர் அதன்கீழ் இருக்கலாம். மயிலையிலும் அடையாற்றிலும் மாம்பலத்திலும் உள்ள பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பாத்தி ஒதுக்கி, ஆறாம் வகுப்பில் நட்டதைப் பன்னிரண்டாம் வகுப்பில் நிழலாகக் காணும் வாய்ப்பை மாணவர்க்குத் தர வேண்டும்.

தமிழ்ப்பற்றாளர் செய்ய வேண்டுவதும் உண்டு. மேடையில் மொழிகாப்புப் பேசிவிட்டு வீடுதிரும்புவது, குழியில் கன்றை வைத்துவிட்டு உந்தேறிச் செல்லும் அமைச்சரின் செயலுக்கு ஒப்பானதே. ஊர்தோறும் உள்ள தமிழ்மன்றங்கள் தத்தம் ஊர் மரங்களின் பெயரை முதியோரிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அவர்கள் மறைந்தால் அப்பெயர்களும் மறையும். கோயிற்காட்டைச் சமன்செய்து மண்டபம் கட்ட முனைவோரைத் தடுத்து நிறுத்த வேண்டும். குப்பைமேடாகக் கிடக்கும் புறம்போக்கு ஒன்றையாவது ஒவ்வொரு மன்றமும் ஏற்று, முதல் மூன்று கோடைகள் நீர் வார்க்க வேண்டும். திங்களுக்கு ஒருமுறை ஒரு தமிழாசிரியர் மாணவரை ஏட்டோடு காட்டுக்கு அழைத்துச் சென்றால், ஏடும் விளங்கும், காடும் விளங்கும்.

பட்ட மண்ணும் தழைக்கும் என்பதற்கு அடையாற்றங்கரை சான்று நிற்கிறது. அம் மண்ணைத் தழைக்கச் செய்தவர்கள் விளைவை நாளையே கேட்கவில்லை, ஆண்டுகளை ஈந்தார்கள். மொழிக்கு உழைப்போரும் அவ்வாறே ஆண்டுகளை ஈதல் வேண்டும். நடுவோர் பலர் உளர்; நீர் வார்ப்போரே இன்று வேண்டப்படுகின்றனர்.